‘யெஸ்டர்டே’வுக்கும் ‘ஹேவ்’வுக்கும் ஏன் ஒத்துப்போறதில்ல?

இந்த எபிசோடு ஒரு ஃபோன் கால்ல இருந்து வந்தது.

என் சித்தி பொண்ணு விருத்தாசலத்துல செராமிக் டெக்னாலஜி டிப்ளமோ முடிச்சவ. விருத்தாசலம்னா பலருக்கு ரயில்வே ஜங்ஷன்தான் ஞாபகம் வரும், இல்லன்னா பழமலைநாதர் கோயில். ஆனா அது பீங்கான் ஊரும்கூட. கொலு பொம்மை, கப், வீட்டு ஃபியூஸ் கேரியருக்கு இருக்கிற வெள்ளைப் பீங்கான் கட்டை, கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர், இதையெல்லாம் செய்யற சின்னச் சின்ன யூனிட்டுகள் அங்க இருக்கு. பக்கத்துல நெய்வேலி. நிலக்கரிக்கு மேல இருக்கிற மண்ணுல பீங்கானுக்கு ஆகிற களிமண்ணும் உண்டு. இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசு நிறுவனமே அங்க இருக்கு. அவ அங்கதான் படிச்சா. படிப்போட சேர்த்து ஆறு மாசம் ஒரு யூனிட்டுல ட்ரெய்னிங்.

போன வாரம் சென்னையில ஒரு கம்பெனியில இன்டர்வியூ. முடிச்சுட்டு வெளியே வந்து எனக்கு ஃபோன் பண்ணினா. “அண்ணா, நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க போல.”

என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். அனுபவம் பத்திக் கேட்டிருக்காங்க. இவ சொன்னது: “ஐ ஹேவ் வொர்க்ட் இன் எ செராமிக் யூனிட் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்.” உடனே அடுத்த கேள்வி, “அங்க நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? எப்ப ரிலீவ் ஆவீங்க?” இவளுக்குப் புரியல. ட்ரெய்னிங் முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. “நோ சார், ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் இட் இன் 2023”ன்னு சொல்லியிருக்கா. அவர் ரெஸ்யூமேயைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், அப்புறம் வேற கேள்விக்குப் போயிட்டார்.

அந்த வேலை கிடைக்கல. இலக்கணத்தாலதான் கிடைக்கலன்னு நான் சொல்ல வரல, யாருக்கும் அது தெரியாது. ஆனா உண்மையைச் சொல்லியும் அது பொய் மாதிரி கேட்டிருக்குன்னா, அது எங்க நடந்துச்சுன்னு பார்க்கணும். இந்த வியாழக்கிழமை அவளுக்கு இன்னொரு இன்டர்வியூ. அதுக்காக நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினதைத்தான் இப்ப உங்ககிட்ட சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். அவ தப்பா யோசிக்கல. தமிழ்ல சரியா யோசிச்சா. “ஆறு மாசம் வேலை பாத்திருக்கேன்.” இந்த வாக்கியத்துல ஒரு பிசகும் இல்ல. வேலை முடிஞ்சுபோச்சு, அனுபவம் கையில இருக்கு. அந்த ‘பாத்திருக்கேன்’ல இருக்கிற ‘இருக்கேன்’ஐ நாம ஸ்கூல்ல ‘ஹேவ்’னு கத்துக்கிட்டோம். ‘வந்திருக்கான்’னா ‘ஹி ஹேஸ் கம்’. ‘சாப்பிட்டிருக்கேன்’னா ‘ஐ ஹேவ் ஈட்டன்’. அந்தச் சமன்பாடு முக்கால்வாசி நேரம் வேலை செய்யும். மீதி கால்வாசியிலதான் மாட்டிக்கிறோம். எந்தக் கால்வாசின்னா, வாக்கியத்துல ஒரு காலச் சொல் வந்து உட்கார்ற இடம். நேத்து, போன வருஷம், 2023ல, ரெண்டு நாளா, ரெண்டு நாள் முன்னாடி.

தமிழ்ல “நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு”ன்னு சொல்லலாம். காலையில எந்திரிச்சு வாசலைப் பார்க்கிறீங்க, ஈரமா இருக்கு. மழையை நீங்க பார்க்கல. ஈரத்தைத்தான் பார்த்தீங்க. அதனால ‘பெஞ்சுது’ன்னு சொல்லாம ‘பெஞ்சிருக்கு’ன்னு சொல்றீங்க. என்ன அழகான வசதி பாருங்க! நான் கண்ணால பார்க்கல, தடயத்தை வெச்சுச் சொல்றேன்கிற தகவல் அந்த ‘இருக்கு’க்குள்ளயே இருக்கு. இதை அப்படியே ‘இட் ஹேஸ் ரெயின்ட் யெஸ்டர்டே நைட்’னு மாத்தினா இங்கிலீஷ் காது ஒத்துக்காது. இங்கிலீஷ் ‘ஹேவ்’வுக்கு இந்தத் துப்பறியும் வேலை கிடையாது. அங்க ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’னுதான் சொல்லணும். ஊகம்னு காட்டணும்னா ‘மஸ்ட் ஹேவ்’ போடணும்: ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்.’

ஏன் ஒத்துக்காது? இதுக்கு மொழியியல்காரங்க மண்டையை உடைச்சிருக்காங்க. 1947ல ஹான்ஸ் ரைஷன்பாக்னு ஒரு தத்துவவாதி, ஜெர்மனியில பிறந்து அமெரிக்காவுல வேலை பார்த்தவர், ‘எலிமென்ட்ஸ் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்’னு ஒரு புத்தகம் எழுதினார். ஒரு வினைச்சொல்லோட காலத்தைப் புரிஞ்சுக்க ரெண்டு புள்ளி போதாது, மூணு புள்ளி வேணும்னு அதுல சொன்னார். நீங்க பேசற நேரம் ஒண்ணு. சம்பவம் நடந்த நேரம் ஒண்ணு. மூணாவதுதான் முக்கியம்: நீங்க எந்த இடத்துல நின்னு அந்தச் சம்பவத்தைப் பார்க்கிறீங்க?

இதைப் பீங்கான் சூளையை வெச்சே பார்த்துடலாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சூளை பத்தவெச்சாங்க. உள்ள சூடு 1200 டிகிரிக்கு மேல போகும். அப்புறம் அவசரப்படாம ஆற விடணும். சூடு இறங்கறதுக்கு முன்னாடி கதவைத் திறந்தா பீஸ் எல்லாம் விரிசல் விட்டுடும். வியாழக்கிழமை காலையில திறந்தாங்க. இப்ப வெள்ளிக்கிழமை, நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க.

“தே ஓப்பன்ட் த கில்ன் ஆன் தர்ஸ்டே.” இப்படிச் சொன்னா நீங்க மனசளவுல வியாழக்கிழமைக்குப் போய் சூளை வாசல்ல நிக்கறீங்க. சூடான காத்து, கதவு, ஆளுங்க எல்லாம் அங்க. பேசறது வெள்ளிக்கிழமை, நிக்கறது வியாழக்கிழமை.

“தே ஹேவ் ஓப்பன்ட் த கில்ன்.” இப்படிச் சொன்னா நீங்க எங்கயும் போகல. வெள்ளிக்கிழமையிலேயே, ஆபீஸ்லயே நிக்கறீங்க. சூளை திறந்தாச்சு, சரக்கு எடுக்கலாம், பேக்கிங்குக்கு ஆள் அனுப்புங்க. எப்ப திறந்தாங்கங்கறது இங்க பேச்சே இல்ல. இப்ப என்ன நிலைமைங்கறதுதான் பேச்சு.

அப்ப ‘தே ஹேவ் ஓப்பன்ட் த கில்ன் ஆன் தர்ஸ்டே’ன்னு சொன்னா என்ன ஆகும்? ‘ஹேவ்’ உங்களை வெள்ளிக்கிழமையில நிக்கச் சொல்லுது, ‘ஆன் தர்ஸ்டே’ வியாழக்கிழமைக்குக் கூப்பிடுது. ஒரே ஆளை ரெண்டு பேர் ரெண்டு பக்கம் இழுக்கற மாதிரி. கேட்கறவங்களுக்கு நெருடறது இதுதான்.

இதை இயற்கை விதின்னு நினைச்சுடாதீங்க. ஜெர்மன்லயும் ஃபிரெஞ்சுலயும் கிட்டத்தட்ட இதே ‘ஹேவ்’ அமைப்பு இருக்கு. அங்க ‘நேத்து’ தாராளமா கூட வரும், யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. 1992ல வொல்ஃப்காங் க்ளைன்னு ஒரு ஜெர்மன் மொழியியலாளர் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழ்ல இதைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதினார். அவர் வெச்ச தலைப்பே ‘த பிரசன்ட் பெர்ஃபெக்ட் பஸில்’. அதாவது இது ஒரு புதிர்னு அவங்களே ஒத்துக்கிட்ட விஷயம். அதனால “எனக்கு இங்கிலீஷ் வராது”ன்னு கூனிக் குறுக வேண்டியதே இல்ல. இங்க தனி வழியில போறது இங்கிலீஷ்தான், நீங்க இல்ல.

இதைச் சொன்னதும் சித்தி பொண்ணு சட்டுன்னு ஒண்ணு சொன்னா. “அண்ணா, சுந்தரர் கதை மாதிரி இருக்கே.” அவங்க ஊர்க் கதை அது. சுந்தரர் மணிமுத்தாற்றுல பொன்னைப் போட்டார், திருவாரூர்க் குளத்துல எடுத்தார். ஆத்துல போட்டுக் குளத்துல தேடறதுன்னு நாம சொல்றோமே, அதுக்கு அந்தக் கதையைத்தான் காட்டுவாங்க. ‘ஹேவ்’ போட்டா, சம்பவம் ஆத்துல நடந்திருக்கும், ஆனா நீங்க பொன்னோட குளத்தங்கரையில நிப்பீங்க. நான் இத்தனை நேரம் மூணு புள்ளி போட்டு விளக்கினதை அவ ஒரே வரியில முடிச்சுட்டா.

சரி, ‘ஹேவ்’கூட எந்தக் காலச் சொல்லுமே வராதா? வரும். ‘இப்ப’வைத் தொட்டுக்கிட்டிருக்கிற காலச் சொல் எல்லாம் வரும். டுடே, திஸ் வீக், சோ ஃபார், எவர், நெவர், சின்ஸ். இதுல ‘திஸ் மார்னிங்’ ஒரு வேடிக்கையான கேஸ். காலையில பதினோரு மணிக்கு ‘ஐ ஹேவ் ஹேட் த்ரீ காஃபீஸ் திஸ் மார்னிங்’னு சொல்லலாம். அதையே சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சொன்னா ‘ஐ ஹேட் த்ரீ காஃபீஸ் திஸ் மார்னிங்’. குடிச்ச காபி அதேதான். காலைங்கற பொழுது முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ மூணையும் பிரிட்டிஷ்காரங்க பெரும்பாலும் ‘ஹேவ்’வோட சொல்வாங்க, அமெரிக்கக்காரங்க ‘டிட் யூ ஈட் யெட்?’னு சாதாரணமா கேட்பாங்க. நெட்ஃபிளிக்ஸ் பார்த்துட்டு “டீச்சர் தப்பா சொல்லிக்கொடுத்துட்டாங்க”ன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. ரெண்டும் சரிதான்.

இப்ப அவளோட முதல் வாக்கியத்துக்கு வர்றேன். ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்.’ இதுல இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. சிக்கல் வேற. இதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. எப்பவோ ஆறு மாசம் வேலை பார்த்த அனுபவம்ங்கறது ஒண்ணு. ஆறு மாசமா பார்த்துக்கிட்டிருக்கேன், இன்னும் அங்கதான் இருக்கேன்ங்கறது இன்னொண்ணு. ஒரு இடத்தைச் சொல்லி கடைசியில ‘ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்’ போட்டா, கேட்கறவர் மனசு பெரும்பாலும் ரெண்டாவதுக்குத்தான் போகும். தமிழ்ல இந்தக் குழப்பமே கிடையாது. ‘ஆறு மாசம்’னா முடிஞ்சது. ‘ஆறு மாசமா’ன்னா நடந்துக்கிட்டிருக்கு. ஒரே ஒரு ‘ஆ’ அந்த வேலையைப் பார்த்துடுது. இங்கிலீஷ்ல ‘ஃபார்’ ரெண்டுக்கும் பொது. அதனால அங்க வேலையைப் பிரிச்சுக் காட்ட வேண்டியது வினைச்சொல். ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்’, முடிஞ்சுது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்’, ஓடிக்கிட்டிருக்கு.

இந்த ‘ஆ’தான் இன்னொரு பிரபலமான தப்புக்கும் காரணம். “ரெண்டு வருஷமா சென்னையில இருக்கேன்.” இங்க ‘இருக்கேன்’ சாதாரண நிகழ்காலம். அதனால ‘ஐ ஆம் லிவிங் இன் சென்னை சின்ஸ் டூ இயர்ஸ்.’ இங்கிலீஷ்ல முடிஞ்ச ரெண்டு வருஷமும் இப்பவும் சேர்ந்து வர்றதால ‘ஹேவ் பீன்’ வேணும். அப்புறம் ‘சின்ஸ்’க்குப் பக்கத்துல தொடங்கின புள்ளிதான் வரும், நீளம் வராது. தமிழை வெச்சே இதைச் சோதிச்சுக்கலாம்: நீங்க ‘ல இருந்து’ன்னு சொல்ற இடத்துல ‘சின்ஸ்’, ‘ஆ’ன்னு முடிக்கிற இடத்துல ‘ஃபார்’. 2022ல இருந்து, சின்ஸ் 2022. மூணு வருஷமா, ஃபார் த்ரீ இயர்ஸ். இதை எனக்கு ஸ்கூல்ல யாரும் சொல்லல. சொல்லியிருந்தா நிறைய சிவப்பு இங்க் மிச்சம் ஆகியிருக்கும்.

‘முன்னாடி’யும் அப்படித்தான். “ஒரு வருஷம் முன்னாடி”யை நாம ‘பிஃபோர் ஒன் இயர்’னு சொல்லிடறோம். நமக்கு ‘முன்னாடி’ ஒண்ணே ஒண்ணு. இங்கிலீஷ்ல ரெண்டு. இப்பவுல இருந்து பின்னால எண்ணினா ‘அகோ’, அது கடைசியில வரும்: ‘ஒன் இயர் அகோ’. இன்னொரு சம்பவத்துல இருந்து எண்ணினா ‘பிஃபோர்’: ‘ஒன் இயர் பிஃபோர் ஐ ஜாயின்ட்’. ‘அகோ’ உங்களைப் பழைய நேரத்துக்குக் கூட்டிட்டுப் போயிடும், அதனால அதுவும் ‘ஹேவ்’வோட சேராது.

அடுத்தது ‘ஹேட்’. என்னைக் கேட்டா, நம்ம ஆபீஸ் மெயில்கள்ல அதிகமா அடிபடற சொல் இதுதான். “நேத்து மதுரை போயிருந்தேன்.” இதுக்கு அர்த்தம் என்ன? போனேன், திரும்பியும் வந்துட்டேன். ‘போயிருக்கேன்’னா இன்னும் அங்க இருக்கலாம், இல்லன்னா எப்பவோ போன அனுபவமாவும் இருக்கலாம். ‘போயிருந்தேன்’னா முடிஞ்சு, வீட்டுக்கும் வந்தாச்சு. அதனால மெயில்ல ‘ஐ ஹேட் சென்ட் த சாம்பிள்ஸ் லாஸ்ட் வீக்’. இங்கிலீஷ்ல ‘ஹேட்’ வந்தா அதுக்குப் பின்னால இன்னொரு இறந்தகாலச் சம்பவம் இருக்குன்னு அர்த்தம். ‘நீங்க மெயில் அனுப்பறதுக்கு முன்னாடியே சாம்பிள் அனுப்பியிருந்தோம்’, இந்த மாதிரி. தனியா ‘ஐ ஹேட் சென்ட்’னு மட்டும் எழுதினா, வெளிநாட்டு வாங்குறவர் “அப்புறம் என்ன ஆச்சு? திரும்பி வந்துடுச்சா? உடைஞ்சுடுச்சா?”ன்னு காத்துக்கிட்டிருப்பார். பீங்கான் விக்கறவங்களுக்கு இது நல்ல சகுனம் இல்ல. ‘வி சென்ட் த சாம்பிள்ஸ் லாஸ்ட் வீக்’, முடிஞ்சது விஷயம்.

இத்தனை நேரம் இடறல்களையே சொன்னேன். தமிழ் நமக்குக் கைகொடுக்கிற இடங்களும் இருக்கு. விருத்தாசலம் ஜங்ஷன்ல நின்னு “நாளைக்கு ட்ரெயின் ஆறு பத்துக்குக் கிளம்புது”ன்னு சொல்றோம். நாளைக்கு, ஆனா வினைச்சொல் நிகழ்காலம். இங்கிலீஷ்லயும் அதே: ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டென் டுமாரோ.’ அட்டவணையில எழுதி வெச்ச எதிர்காலம் நிகழ்காலமா வரும். “நாளைக்கு வர்றேன்”னா ‘ஐ ஆம் கமிங் டுமாரோ’. இங்க யாரும் தப்பு பண்றதில்ல.

“அவர் வந்ததும் சொல்றேன்.” அவர் இன்னும் வரல. ஆனா ‘வந்ததும்’னு இறந்தகாலம் போடறோம். ‘வருவதும் சொல்றேன்’னு ஒரு குழந்தைகூடச் சொல்லாது. இங்கிலீஷும் இங்க எதிர்காலம் வேண்டாம்னுதான் சொல்லுது: ‘ஐ வில் டெல் யூ வென் ஹி கம்ஸ்.’ நாம மட்டும் ஏன் ‘வென் ஹி வில் கம்’னு எழுதறோம்னா, எதிர்காலம்னா ‘வில்’னு கிளாஸ்ல மனப்பாடம் பண்ணினதால. அந்த இடத்துல மட்டும் தமிழை நம்புங்க.

காலச் சொல் ஒரு பக்கமும் வினைச்சொல் ஒரு பக்கமும் போறதைப் பத்தி நம்ம இலக்கணக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். தொல்காப்பியத்துலயே அதுக்கு விதி இருக்கு. 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல், வழு ஏழு வகைன்னு சொல்லி அதுல ‘கால வழு’வை ஒண்ணா வைக்குது. ‘நேத்து வருவான்’னு சொன்னா வழு. ஆனா அதோட நிறுத்தல. விரைவு இருந்தா, மிகுதி இருந்தா, தெளிவு இருந்தா காலம் மாறி வரலாம்னும் அது இடம் கொடுக்குது. அதுக்குப் பேர் கால வழுவமைதி. அம்மா கூப்பிட்டதும் கட்டில்ல படுத்துக்கிட்டே “இதோ வந்துட்டேன்”னு சொல்றீங்களே, அது விரைவு. “இந்த ஃபைல் டெலீட் ஆச்சுன்னா செத்தோம்”னு சொல்றது தெளிவு. இன்னும் சாகல, ஆனா அவ்வளவு நிச்சயம். மலை நிக்குது, ஆறு ஓடுதுன்னு முக்காலத்துக்கும் பொதுவா இருக்கிறதை நிகழ்காலத்துல சொல்லணும்னும் விதி இருக்கு. இங்கிலீஷ்ல ‘த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்’னு சொல்றது அதேதான். முதுகுன்றம்னு பழைய பேர் இருக்கிற ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும்.

வினைச்சொல் காட்டறது கடிகார நேரத்தை மட்டும் இல்ல, பேசறவர் நிக்கிற இடத்தையும்தான். இதை ஏத்துக்கிட்டவங்க வழியில வந்த நமக்கு ரைஷன்பாக் சொல்றது ஒண்ணும் புதுசா தெரியக்கூடாது. ஆனா ஸ்கூல்ல தமிழ் பீரியட்ல வழுவமைதியை மார்க்குக்குப் படிச்சோம், அடுத்த பீரியட்ல டென்ஸ் டேபிளை மார்க்குக்குப் படிச்சோம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு யாரும் காட்டல. எனக்கு இதுல உண்மையாவே கோபம் இருக்கு.

சரி, வியாழக்கிழமைக்கு வர்றேன். எல்லா விதியையும் அவ தலையில ஏத்த நேரம் இல்ல. நான் அவகிட்ட ஒரே ஒரு பழக்கம்தான் கேட்டேன். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, வாக்கியத்துல ‘எப்ப’ங்கற கேள்விக்குப் பதில் இருக்கான்னு பாரு. வருஷமோ, கிழமையோ, ‘லாஸ்ட்’டோ, ‘அகோ’வோ இருந்தா ‘ஹேவ்’வைக் கீழ வெச்சுடு. இல்லன்னா எடுத்துக்கோ. அதை வெச்சு அவளே தன்னோட பதிலைத் திருத்தி எழுதினா:

“ஐ ஃபினிஷ்ட் மை டிப்ளமோ இன் 2023. ஆஸ் பார்ட் ஆஃப் தட், ஐ வொர்க்ட் இன் எ செராமிக் யூனிட் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ். ஐ மூவ்ட் டு சென்னை எ இயர் அகோ. சின்ஸ் தென், ஐ ஹேவ் பீன் லேர்னிங் கேட்.”

‘கேட்’னா கம்ப்யூட்டர்ல டிசைன் வரையற சாஃப்ட்வேர். கடைசி வாக்கியத்துல மட்டும் ‘ஹேவ்’ இருக்கு, கவனிச்சீங்களா? அது மட்டும்தான் இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. வாய்விட்டுப் பத்து தடவை சொல்லச் சொன்னேன். நாலாவது தடவையே பழைய ‘ஹேவ்’ ஒண்ணு உள்ள நுழைஞ்சுது. சிரிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சா.

கிளம்பும்போது கேட்டா, “இன்டர்வியூ முடிஞ்சு வெளிய வந்ததும் உங்களுக்கு மெசேஜ் போடறேன். ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட்’டா, ‘ஐ ஃபினிஷ்ட்’டா?”

வாசல்ல நின்னுக்கிட்டு போட்டா முதல்ல சொன்னதே சரி, நேரத்தையும் சேர்த்துப் போட்டா ரெண்டாவதுன்னு சொன்னேன். அவ கொஞ்சம் யோசிச்சுட்டு, “வேண்டாம், ‘முடிஞ்சிருச்சு’ன்னே போட்டுடறேன்”னா.